சிபிஎஸ்எஸ்: விமானப்படையின் விமானித் திறன் தேர்வுக்குத் தயாராவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்திய விமானப்படையில் விமானியாக விரும்புகிறவர்கள் எழுத்துத் தேர்வையும் பல நாள் நடக்கும் ஆளுமைத் தேர்வையும் தாண்டிய பிறகு, கடைசியில் ஓர் இயந்திரத்தின் முன் உட்கார வேண்டும். கணினிவழி விமானித் தேர்வு முறை என்பது அதன் பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து சிபிஎஸ்எஸ் என்பார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அதில் உட்கார முடியும்.

நான் அதில் தோற்றவன். தேர்ச்சி பெற்றவர்கள் பறக்கப் போய்விட்டார்கள்; உட்கார்ந்து பதில் எழுத நேரம் இருப்பது தோற்றவனுக்குத்தான். இப்போது இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்டுதோறும் சில மாணவர்களும் அவர்களைவிடப் பதற்றமான சில பெற்றோரும் இதே கேள்விகளோடு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால், இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தத் தேர்வு எந்தக் கட்டத்தில் வருகிறது?

விமானி ஆவதற்கு வழிகள் சில உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்தவர்கள் என்டிஏ என்ற தேசியப் பாதுகாப்பு அகாடமி வழியாகப் போகலாம். பட்டதாரிகளுக்கு முப்படைகளுக்கும் பொதுவான சிடிஎஸ், விமானப்படையே நடத்தும் ஏஎஃப்கேட் என்ற இரண்டு தேர்வுகள் உண்டு. என்சிசி என்ற தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சி சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்குத் தனி வழி இருக்கிறது. ஏஎஃப்கேட் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. 100 கேள்விகள், 300 மதிப்பெண்கள், இரண்டு மணி நேரம். சரியான விடைக்கு மூன்று, தவறானால் ஒன்று கழியும்.

எழுத்துத் தேர்வைத் தாண்டினால் விமானப்படைத் தேர்வு வாரியம். நமக்குப் பக்கத்தில் இருப்பது மைசூரு. முதல் நாளே அறிவுத்திறன் தேர்வும், ஒரு மங்கலான படத்தைப் பார்த்துக் கதை எழுதி விவாதிக்கும் தேர்வும் நடக்கும். அதில் தேறாதவர்கள் அன்றே வீடு திரும்புவார்கள். மிஞ்சியவர்களுக்கு உளவியல் தேர்வு, குழுப் பணிகள், நேர்காணல். எல்லாம் முடிந்து பரிந்துரைக்கப்பட்டவர்களில் பறக்கும் கிளைக்கு விண்ணப்பித்தவர்களுக்குத்தான் சிபிஎஸ்எஸ். அதன் பிறகு மருத்துவப் பரிசோதனை, தகுதிப் பட்டியல், அப்புறம் ஹைதராபாத்துக்கு அருகே துண்டிகலில் உள்ள விமானப்படை அகாடமி.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிபிஎஸ்எஸ் நினைப்பிலேயே தூக்கத்தைத் தொலைப்பவர்கள் பலர் அந்த அறையின் வாசலையே பார்க்கப் போவதில்லை. முதல் நாள் மதியம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடக்கும் கூட்டம்தான் பெரிது. உங்கள் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கை அதற்கு முந்திய படிகளுக்கு ஒதுக்குங்கள்.

பிஏபிடி, சிபிஎஸ்எஸ் இரண்டும் ஒன்றா?

இதற்கு முன் இருந்த விமானித் திறன் தேர்வின் ஆங்கிலச் சுருக்கம்தான் பிஏபிடி. பிஏபிடி அப்பா, சிபிஎஸ்எஸ் மகன். பழைய பிஏபிடியில் மூன்று பகுதிகள். கருவிகளைப் படிக்கும் எழுத்துத் தேர்வு, கை கால் ஒத்திசைவுத் தேர்வு, நகரும் பாதையைப் பின்தொடரும் தேர்வு. பிந்தைய இரண்டும் பழைய மின்னியந்திரங்களில் நடந்தன. பிறகு பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் இரண்டு ஆய்வகங்கள், தில்லியின் உளவியல் ஆய்வு நிறுவனமும் பெங்களூருவில் ஏடிஇ என்ற விமானவியல் மேம்பாட்டு நிறுவனமும், சேர்ந்து கணினிமயமாக்கியதுதான் இன்றைய முறை. கருவி மாறியிருக்கிறது. கேட்பது அதே மூன்று திறன்களைத்தான். கடற்படையிலும் தரைப்படையின் விமானப் பிரிவிலும் விமானியாக வேண்டுமானாலும் இதே வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

உண்மையிலேயே ஒரே ஒரு வாய்ப்புதானா? அது அநியாயம் இல்லையா?

ஒன்றுதான். ஒருமுறை தேறாதவரும், அகாடமியில் பறக்கும் பயிற்சியிலிருந்து நிறுத்தப்பட்டவரும் மறுபடி பறக்கும் கிளைக்கு விண்ணப்பிக்க முடியாது என்று ஒவ்வோர் அறிவிக்கையிலும் அச்சிட்டே வைத்திருக்கிறார்கள்.

அநியாயமா என்று நானும் பல ஆண்டுகள் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. முன்பின் தெரியாத ஒரு பொறியை, ஒரே ஒரு விளக்கத்தைக் கேட்டுவிட்டு, ஒருவர் எவ்வளவு சீக்கிரம் வசப்படுத்துகிறார் என்பதுதான் இங்கே அளக்கப்படுகிறது. இரண்டாம் முறை வருகிறவரிடம் அளக்கப்படுவது பெரும்பாலும் நினைவு. பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் விமானம் ஓட்ட நம்மில் பலராலும் முடியும். ஆனால் பயிற்சிப் பள்ளியில் ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை முறைதான் பறக்கலாம் என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்குக்குள் தனியாகப் பறக்கும் அளவுக்கு வராதவரைத் தொடரவிட மாட்டார்கள். அந்தத் தோல்வியை முன்கூட்டியே, தரையிலேயே, குறைந்த செலவில் கண்டுபிடிக்கும் முயற்சி இது.

இப்படி ஒரு பொறியின் முன் உட்கார வைத்தால், யார் நல்ல விமானி ஆவார் என்று தெரிந்துவிடுமா?

முழுதாகத் தெரியாது. ஆனால் சகுனம் பார்ப்பதைவிட மேல். முதல் உலகப் போர்க் காலத்தில், குதிரை ஏறத் தெரிந்தவனா என்று பார்த்து விமானிகளைத் தேர்ந்தெடுத்தவர்கள் உண்டு. கடிவாளத்தை மென்மையாகப் பிடிக்கும் கை விமானத்தின் கோலையும் மென்மையாகப் பிடிக்கும் என்பது நம்பிக்கை. அதில் கொஞ்சம் பொருளும் இருக்கத்தான் செய்கிறது.

1930களில் அமெரிக்க ராணுவத்தின் விமான மருத்துவப் பள்ளியில் கோல், கால் மிதி, விளக்குகள் வைத்து ஒரு சோதனைக் கருவி செய்தார்கள். இன்றைய பொறிகளுக்கெல்லாம் அது பாட்டன். இரண்டாம் உலகப் போரில் ஜான் ஃபிளனகன் என்ற உளவியலாளரின் குழு இத்தகைய சோதனைகளையும் எழுத்துத் தேர்வுகளையும் சேர்த்து, ஒன்று முதல் ஒன்பது வரை ஒரு மதிப்பெண்ணாகச் சுருக்கியது. அது சரிதானா என்று பார்க்க அவர்கள் செய்த காரியம் துணிச்சலானது. மதிப்பெண்ணைப் பாராமல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அப்படியே பறக்கும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். குறைந்த எண் வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் பயிற்சியை முடிக்கவில்லை. உயர்ந்த எண் வாங்கியவர்களில் பெரும்பாலோர் முடித்தார்கள். அந்த முடிவின் நிழலில்தான் உலகத்தின் பல விமானப்படைகளும் இன்றும் உட்கார்ந்திருக்கின்றன.

கருவிகளைப் படிக்கும் பகுதி எப்படி இருக்கும்? அதற்குப் படிக்க முடியுமா?

முடியும். முழுத் தேர்விலும் வீட்டில் உட்கார்ந்து நேர்மையாகத் தயாராகக்கூடிய பகுதி இதுதான். விமானி அறையின் ஆறு அடிப்படைக் கருவிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்: உயரமானி, வேகமானி, ஏற்ற இறக்க வேகத்தைக் காட்டும் கருவி, திசைகாட்டி, திருப்பமானி, செயற்கை அடிவானம்.

முதல் வகைக் கேள்வி எளிது. கடிகாரம் பார்ப்பது போலத்தான். உயரமானியில் குட்டை முள் 3-க்கும் 4-க்கும் நடுவில் நிற்கிறது, நீள முள் 5-ல். குட்டை முள் ஆயிரங்களைக் காட்டும், நீள முள் நூறுகளைக் காட்டும். ஆக 3,500 அடி. ஏற்ற இறக்கக் கருவி, நிமிடத்துக்கு 500 அடி இறக்கம் என்கிறது. மூன்று நிமிடம் கழித்து விமானம் எங்கே இருக்கும்? 2,000 அடியில். கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் விரைவாகவும் வரிசையாகவும் போட வேண்டும்.

இரண்டாவது வகையில்தான் பலர் சறுக்குகிறார்கள். கருவிகளின் நிலையைப் பார்த்து, அதற்குப் பொருந்தும் விமானப் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு. திசைகாட்டி 270. செயற்கை அடிவானத்தில் கோடு, நடுவில் உள்ள சின்ன விமானச் சின்னத்துக்கு மேலே இருக்கிறது. கோட்டின் வலது முனை உயர்ந்து இடது முனை தாழ்ந்திருக்கிறது. விமானம் எப்படி இருக்கிறது? என்னிடம் வருகிறவர்கள் முதல் நாள் சொல்லும் விடை: இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, மூக்கு மேலே தூக்கியிருக்கிறது. இரண்டும் தவறு. வலப்பக்கம் சாய்ந்து, மூக்கைத் தாழ்த்தி, மேற்கு நோக்கிப் போகிறது.

நம்பிக்கை வரவில்லையென்றால் கடற்கரைக்குப் போங்கள். செல்போன் கேமராவைக் கடல் விளிம்பை நோக்கிப் பிடித்து, போனை லேசாக வலப்பக்கம் சாய்த்து ஒரு படம் எடுங்கள். அந்தப் படத்தை நேராக வைத்துப் பார்த்தால் கடல் விளிம்பின் வலது முனை உயர்ந்திருக்கும். போனின் முகப்பைக் கீழ்நோக்கித் தாழ்த்தினால் விளிம்பு படத்தில் மேலே ஏறும். போன்தான் விமானம், படம்தான் செயற்கை அடிவானம். சாய்வது நாம், கோடு நேராகத்தான் இருக்கிறது. இது ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால் பிறகு யோசிக்கவே வேண்டாம். கடல் இல்லாத ஊரில் மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் போதும்.

சரிபார்க்க ஒரு வழியும் உண்டு. வலப்பக்கம் சாய்ந்த விமானம் வலப்பக்கம்தான் திரும்பும். மேற்கிலிருந்து வலப்பக்கம் திரும்பினால் வடக்கு, அதாவது 270-லிருந்து 360-ஐ நோக்கி எண் கூடும். திருப்பமானியும் வலத்தைக் காட்ட வேண்டும். ஒரு கருவி சொல்வதை இன்னொன்று உறுதிசெய்கிறதா என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதித் தவறு குறையும். விடைப் படங்களை எந்தத் திசையிலிருந்து பார்ப்பதாகக் கொள்ள வேண்டும் என்பதைத் தேர்வுக்கு முந்திய விளக்கத்தில் சொல்வார்கள். அந்த வாக்கியத்தைத் தவறவிட்டால் மற்ற எல்லாம் வீண்.

கை கால் ஒத்திசைவுத் தேர்வில் என்ன செய்ய வேண்டும்?

திரையில் ஒரு கட்டம். அதற்குள் ஒரு புள்ளி. புள்ளி தானாக விலகிக்கொண்டே இருக்கும். நீங்கள் அதைக் கட்டத்துக்குள் வைத்திருக்க வேண்டும். கையில் உள்ள கோல் ஒரு திசையைக் கவனிக்கும், காலடி மிதிகள் மற்றொரு திசையைக் கவனிக்கும். நடுவே விளக்கு எரியும், பீப் ஒலி கேட்கும். ஒவ்வொன்றையும் அதற்குரிய விசையை அழுத்தி அணைக்க வேண்டும்.

நான் தோற்றது இங்கேதான். சிறுவயதில் எங்கள் தெருவில் பேரிங் வண்டி ஓட்டுவோம். பலகைக்கு அடியில் பழைய பால் பேரிங்குகள், முன்னால் ஒரு குறுக்குக் கட்டை, அதன் இரு முனைகளிலும் கால்களை வைத்துத் திருப்புவோம். வலது காலைத் தள்ளினால் வண்டி இடப்பக்கம் போகும். சைக்கிள் கைப்பிடியும் அப்படித்தான். விமானத்தின் கால் மிதி இதற்கு நேர் எதிர்: வலது மிதியை அழுத்தினால் மூக்கு வலப்பக்கம் திரும்பும். விளக்கம் சொன்னபோது எனக்குப் புரிந்தது. தலையை ஆட்டினேன். ஆனால் என் கால்களுக்கு யாரும் சொல்லவில்லை. புள்ளி இடப்பக்கம் நழுவியது. அதை வலப்பக்கம் கொண்டுவர என் இடது கால் தானாக முன்னே போனது. புள்ளி இன்னும் வேகமாக நழுவியது. நான் இன்னும் பலமாக மிதித்தேன். ஐந்தாறு நொடிகள் கழித்துத்தான் மூளை காலைப் பிடித்து நிறுத்தியது. அதற்குள் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து முடிந்திருந்தது, பீப் ஒலி எத்தனை முறை கேட்டதென்றே நினைவில்லை.

ஆகவே முதல் பாடம்: பயிற்சிக்குத் தரும் அந்தச் சில நொடிகளில் புள்ளியைக் கட்டத்துக்குள் கொண்டுவர அவசரப்படாதீர்கள். வலது மிதியை மட்டும் அழுத்திப் பாருங்கள், புள்ளி எங்கே போகிறது? இடது மிதி? கோலை இழுத்தால்? தள்ளினால்? நான்கு கேள்விகளுக்கும் உங்கள் உடம்பு பதில் தெரிந்துகொள்ளட்டும்.

இரண்டாவது பாடம், மிகையாகத் திருத்துவது. புள்ளி சற்று விலகியதும் பதறிப்போய் முழு விசையோடு இழுத்தால் அது மறுபக்கம் ஓடும். அதைத் துரத்தினால் இந்தப் பக்கம் ஓடும். கிணற்று வாளியை ஆட்டி விடுவது போல ஊசலாட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். சிறிதாகத் திருத்தி, விளைவைப் பார்க்க அரை நொடி காத்திருப்பவருக்கு அது அடங்கும். கோலை முஷ்டியால் பிடிக்காமல் விரல் நுனிகளால் பிடியுங்கள்.

மூன்றாவது, விளக்கு எரிந்ததும் புள்ளியை அம்போவென்று விட்டுவிட்டு விளக்கின் பின்னால் ஓடுவது. ஓரக்கண்ணால் விளக்கைப் பிடித்து, பார்வையை கட்டத்திலேயே வைத்திருக்க வேண்டும். ஒரு விளக்கு போனால் போகட்டும். போனதை எண்ணி வருந்தும் இரண்டு நொடியில் புள்ளியும் போய்விடும்.

பாதையைப் பின்தொடரும் தேர்வு கடினமா?

முந்தையதைவிட எளிது என்பது பலருடைய அனுபவம். வளைந்து வளைந்து வரும் ஒரு பாதையை உங்கள் குறி தொட்டுக்கொண்டே போக வேண்டும். வயல் வரப்பில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இதன் சூத்திரம் தெரியும். முன்சக்கரத்தைப் பார்த்தவன் சேற்றில் விழுவான், பத்தடி முன்னே பார்த்தவன் போய்ச் சேருவான். குறியைப் பார்க்காதீர்கள், வரப்போகும் வளைவைப் பாருங்கள்.

வீட்டில் என்ன பயிற்சி செய்யலாம்?

விளக்குமாற்றைத் தலைகீழாக உள்ளங்கையில் நிறுத்திப் பழகுங்கள். கையைப் பார்த்தால் விழும். நுனியைப் பார்த்து, சின்னச் சின்ன அசைவுகளால் பிடித்தால் நிற்கும். மிகையாகத் திருத்தும் நோய்க்கு இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியாது. ஒரு நிமிடம் நிறுத்த முடிந்ததும், அப்படியே பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பாருங்கள். அப்போது தெரியும் கவனத்தைப் பங்கிடுவது என்றால் என்னவென்று.

வீட்டில் காலால் மிதிக்கும் தையல் இயந்திரம் இருந்தால் அம்மாவிடம் கேட்டு ஒரு வாரம் தையுங்கள். கால் ஒரு தாளத்தில், கைகள் துணியை வளைவான கோட்டில். டைப்ரைட்டிங் படித்திருந்தால் நீங்கள் அறியாமலே பாதி தயார். கண் மூலப்பிரதியில், விரல்கள் விசைகளில், வரி முடியப்போகும்போது மணி அடித்தால் காது அதைப் பிடித்துக் கையிடம் சொல்ல வேண்டும். லோயர் தேர்வுக்காக நம் ஊர்ப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் செய்த இந்த வேலைக்குத்தான் உளவியலாளர்கள் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள்.

வீடியோ கேம் விளையாடினால் உதவுமா?

கொஞ்சம் உதவும். விமானம் ஓட்டும் சிமுலேட்டர் விளையாட்டை ஜாய்ஸ்டிக்கோடு விளையாடினால் கருவிகளும் பழகும், விரல்களும் மென்மையாகும். செல்போனில் கட்டைவிரலால் சுடும் விளையாட்டு எதற்கும் உதவாது. மகன் ‘தேர்வுக்காக’ என்று சொல்லி இரவு இரண்டு மணி வரை விளையாடினால் போனைப் பிடுங்கிவிடலாம் என்று பெற்றோருக்கு நான் அனுமதி தருகிறேன்.

சிபிஎஸ்எஸ் மாதிரி இயந்திரம் வைத்திருக்கும் பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்டலாமா?

என் கருத்தைக் கேட்டால், சில நாள் பழகுவதற்குக் குறைந்த கட்டணம் என்றால் கட்டலாம். என்னைப் போலக் கால் மாறி மிதிக்கும் ஆபத்து அங்கேயே தெரிந்துவிடும். தேர்ச்சிக்கு உத்தரவாதம் என்று சொல்லிப் பெருந்தொகை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். விமானப்படை அப்படி யாருக்கும் உத்தரவாதம் எழுதிக்கொடுக்கவில்லை. மாதிரி இயந்திரத்தின் விசை அழுத்தமும் வேகமும் உண்மையானதோடு ஒத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அதிலேயே மாதக்கணக்கில் ஊறிப்போனவர்கள் உண்மையான இயந்திரத்தில் பழைய பழக்கத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ் வழியில் படித்தவன் நான். தாக்குப்பிடிக்க முடியுமா?

இயந்திரத்துக்கு மொழி கிடையாது. ஆனால் ஏஎஃப்கேட் கேள்வித்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே. தேர்வுக்கு முன் தரும் விளக்கத்தையும் கேட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். இலக்கணப் புத்தகத்தைவிட, கேட்டுப் புரிந்துகொள்வதில் நேரம் போடுங்கள். ஆங்கிலத்தில் ஒரு பொருளின் செய்முறை விளக்கத்தை ஒரே ஒரு முறை கேட்டு, அதை உடனே நண்பருக்குச் சொல்லிப் பாருங்கள். முடிந்தால் போதும். புரியாத இடத்தில் கை உயர்த்திக் கேளுங்கள். எனக்குப் புரிந்ததாக நானே நினைத்துக்கொண்டு தலையாட்டிய கதையை மேலே படித்தீர்கள்.

என் மகளுக்கு ஆர்வம் இருக்கிறது. பெண்களுக்கு வேறு அளவுகோலா?

சிபிஎஸ்எஸ்ஸில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. 2016 ஜூனில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் போர் விமானப் பிரிவில் நுழைந்த முதல் பெண்கள் ஆனார்கள். 2022 முதல் என்டிஏவிலும் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். மகளைத் தயார்ப்படுத்தும்போது கவனிக்க வேண்டியது அடுத்த கேள்வியில் இருக்கிறது, ஏனென்றால் உயர அளவில் தட்டுவது அங்கேதான்.

கண்ணாடி போட்டிருக்கிறேன், உயரமும் குறைவு. முயற்சி செய்யலாமா?

விண்ணப்பிப்பதற்கு முன்பே இதை அளந்துவிடுங்கள். ஐந்து ஆண்டு ஆசைக்குப் பிறகு அளவுநாடா சொல்லும் தீர்ப்பைக் கேட்பது கொடுமை. பறக்கும் கிளைக்குக் குறைந்தபட்ச உயரம் 162.5 செ.மீ. கால் நீளம் 99 முதல் 120 செ.மீ. வரை, தொடை நீளம் 64 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, உட்கார்ந்த நிலை உயரம் 81.5 முதல் 96 செ.மீ. வரை. காரணம் எளிது. இருக்கையில் உட்கார்ந்து மிதி எட்ட வேண்டும். அவசரத்தில் இருக்கையோடு வெளியே வீசப்படும்போது முழங்கால் முன்பலகையில் இடிக்கக் கூடாது.

கண்: ஒன்று 6/6, மற்றொன்று 6/9. அந்தக் குறையும் தூரப்பார்வை வகையாக இருந்தால்தான் கண்ணாடியால் திருத்த அனுமதி. கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போட்டவர்களுக்குப் பறக்கும் கிளை மூடிய கதவு. லேசர் சிகிச்சை செய்துகொண்ட பட்டதாரிகளை நிபந்தனைகளோடு ஏற்கிறார்கள். எந்த வயதில் செய்தது, எவ்வளவு காலம் கடந்தது என்பதெல்லாம் அதில் வரும். அந்த ஆண்டின் அறிவிக்கையை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் கண் மருத்துவரிடம் போக வேண்டும். நிறக்குருடு இருந்தால் வழியே இல்லை. மருத்துவப் பரிசோதனை தில்லியிலோ பெங்களூருவிலோ நடக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் என்டிஏ வழியாகப் போகட்டுமா, அல்லது பட்டம் முடித்து முதிர்ச்சியோடு சிபிஎஸ்எஸ் எழுதட்டுமா?

இதற்கு ஒரே விடை கிடையாது, அதனால்தான் பலரும் இதைக் கேட்கிறார்கள். பதினேழு வயதில் தோற்றாலும் அந்த முத்திரை வாழ்நாள் முழுதும் கூடவே வரும் என்பது உண்மை. ஆனால் பட்டம் முடித்து ஏஎஃப்கேட்டில் வருகிறவருக்கும் வயது வரம்பு 20 முதல் 24 வரைதான். செல்லத்தக்க வணிக விமானி உரிமம் இருந்தால் 26. இடையில் கண்ணில் பவர் ஏறினால் கதை முடிந்தது. புதிய உடல் பழக்கத்தைப் பதினேழு வயது இருபத்துமூன்றைவிட மெதுவாகக் கற்கும் என்று நான் நம்பவில்லை. கருவிகளைப் படிக்கவும் நிதானமாக உட்காரவும் தெரிந்திருந்தால் போகட்டும் என்பதுதான் என் பக்கம். ஒன்றுமே பாராமல் ‘போய்த்தான் பார்ப்போமே’ என்று போகிறவனை மட்டும் தடுப்பேன்.

தோற்றால் என்ன மிச்சம்?

தரைப்பணிக் கிளைகள் திறந்தே இருக்கின்றன: தொழில்நுட்பம், நிர்வாகம், தளவாடம், கணக்கு, கல்வி. கடற்படையிலும் தரைப்படையிலும் விமானி தவிர்த்த மற்ற அதிகாரிப் பதவிகளுக்குப் போகலாம். பயணிகள் விமானம் ஓட்டவும் தடையில்லை. சிபிஎஸ்எஸ் முடிவை வணிக விமானி உரிமத்துக்கு யாரும் கேட்பதில்லை. அதற்கு வேண்டியது 200 மணி நேரப் பறத்தலும் கையில் பெருந்தொகையும். எனக்கு இரண்டாவது இல்லை.

இந்தக் கேள்விக்கு எல்லோரும் கலாம் கதையைச் சொல்வார்கள். டேராடூனில் விமானப்படைத் தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார், இடம் எட்டுதான் இருந்தது. பிறகு 2006-ல் குடியரசுத் தலைவராக, 74 வயதில், புனேயிலிருந்து சுகோய்-30 விமானத்தில் பறந்தார். ஆறுதலுக்கு நல்ல கதைதான். குடியரசுத் தலைவர் ஆவதை யாரும் மாற்றுத் திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது என்பதால், விண்ணப்பத்தில் தரைப்பணிக் கிளைகளையும் விருப்பமாகக் குறித்துவிட்டுப் போவது நல்லது. நான் குறிக்காமல் போனேன்.

வெளிநாடுகளிலும் இப்படி ஒரே வாய்ப்புதானா?

நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்கக் கடற்படையின் விமானத் தேர்வை வாழ்நாளில் மூன்று முறை எழுதலாம். அந்நாட்டு விமானப்படை கோலும் மிதியும் உள்ள சோதனையின் முடிவோடு, எழுத்துத் தேர்வையும் ஏற்கெனவே பறந்த மணி நேரத்தையும் சேர்த்து மதிப்பெண் போடுகிறது. சொந்தக் காசில் பறந்து பழகியவருக்கு அங்கே கூடுதல் மதிப்பு. இது பணக்கார வீட்டுப் பிள்ளைக்குச் சாதகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வகையில் பார்த்தால் நம் முறை கடுமையானது, ஆனால் காசு பார்ப்பதில்லை.

நாளை காலை தேர்வு. இன்று இரவும் அறைக்குள் நுழைந்ததும் என்ன செய்ய வேண்டும்?

இன்று இரவு எதையும் படிக்காதீர்கள். இத்தனை நாள் வாரியத்தில் ஓடிக் களைத்த உடம்பு. பரிந்துரை கிடைத்த மகிழ்ச்சியில் நண்பர்களோடு பேசிக்கொண்டே விடிய விடிய உட்காருவார்கள், நானும் உட்கார்ந்தேன். படுத்துவிடுங்கள். காலையில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், பட்டினியும் வேண்டாம். அடிப்பாகம் தடித்த ஷூ போட்டால் மிதியின் அழுத்தம் பாதத்துக்குத் தெரியாது. மெல்லிய அடிப்பாகம் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள், கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள்.

உட்கார்ந்ததும் முதலில் இரு கால்களும் இரு மிதிகளில் சமமாகப் படிகின்றனவா என்று பாருங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், குதிகால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். இருக்கை தள்ளி இருந்தால், அதைச் சரிசெய்ய முடியுமா என்று அங்கே இருப்பவரிடம் கேளுங்கள். நான் கேட்கவில்லை, நுனியில் உட்கார்ந்தே முழுத் தேர்வையும் முடித்தேன்.